68 வயது அப்பாவுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று ஊசி போடச் சொல்கிறார்கள், போடலாமா?

பொருநை:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 68 வயது. பணி ஓய்வுக்குப் பிறகு அம்மாவோடு திருநெல்வேலியில் இருக்கிறார், நான் சென்னையில். அப்பாவுக்குப் பல வருடமாக சுகர் உண்டு, மாத்திரையில் ஓடுகிறது. தொப்பையும் உண்டு. கொஞ்ச நாளாக "உடம்புல தெம்பே இல்லடா" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். மதியம் சாப்பிட்டு உட்கார்ந்தால் அப்படியே நாற்காலியில் தூங்கிவிடுகிறார்.

ஒரு தனியார் கிளினிக்கின் விளம்பரத்தைப் பார்த்து, யாரிடமும் சொல்லாமல் போய் ரத்தம் கொடுத்திருக்கிறார். மாலை 4 மணிக்கு எடுத்த ரத்தம். டெஸ்டோஸ்டிரோன் (ஆண்மை ஹார்மோன்) 287 என்று வந்திருக்கிறது. பக்கத்தில் சிவப்பில் அம்புக்குறி, 300 முதல் 1000 வரை இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி, கூடவே டிஹெச்இஏ என்ற ஹார்மோன் கேப்சூல், ஆறு மாதப் பேக்கேஜ், பணம் முன்கூட்டியே கட்ட வேண்டும். பத்து வயது குறைந்த மாதிரி இருக்கும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அப்பாவுக்கு ஆசையாக இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. அவருக்கு ஆஞ்சியோவில் லேசான அடைப்பும் இருக்கிறது.

அம்மாவுக்கு 62. பெரிதாக ஒன்றும் சொல்ல மாட்டார். அடிக்கடி நீர்க்கடுப்பு, முதுகுவலி, அவ்வளவுதான்.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லேப்நண்பன்:

தம்பி, நான் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவன். முதலில் அந்த 287 என்ற எண்ணை ஓரமாக வையுங்கள். டெஸ்டோஸ்டிரோன் நாள் முழுக்க ஒரே அளவில் இருக்காது. காலையில் உச்சத்தில் இருந்து, மாலைக்குள் இறங்கும். அதனால்தான் காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில், இரண்டு வெவ்வேறு நாட்களில் எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். சாப்பிட்டாலே அளவு குறையும், குளுக்கோஸ் ஏறினாலும் குறையும். காய்ச்சலில் படுத்து எழுந்திருந்தாலும், ஆஸ்பத்திரியில் சேர்ந்து வந்திருந்தாலும் சில வாரம் கழித்துத்தான் எடுக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 4 மணிக்கு எடுத்த ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து வருடக்கணக்கில் ஊசி ஆரம்பிப்பது எந்த வழிகாட்டுதலிலும் கிடையாது.

அந்த 300 முதல் 1000 என்பதும் லேபுக்கு லேப் மாறும். 2017இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்த நான்கு பெரிய ஆய்வுகளின் அளவீடுகளை ஒன்றாக்கி ஓர் எல்லை வகுத்தார்கள்: 264 முதல் 916 வரை. அதுவும் 19 முதல் 39 வயது வரையிலான, உடல் பருமன் இல்லாத ஆண்களுக்கு. அந்தக் கணக்கில் உங்கள் அப்பா, சர்க்கரையும் தொப்பையும் வைத்துக்கொண்டு, மாலை நேரத்தில்கூட எல்லைக்குள்தான் வருகிறார்.

இன்னொன்று. முடி கொட்டுகிறது, நகம் உடைகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஹார்மோன் டெஸ்டுக்கு முன் இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டு வாருங்கள். சில மெஷின்களில் அது ரிசல்ட்டையே மாற்றிவிடும். தைராய்டே அதிகம் என்று தப்பாகக் காட்டிய கதையெல்லாம் உண்டு.

கொங்குமருத்துவன்:

லேப்நண்பன் சொன்னதற்கு மேல் கொஞ்சம் சேர்க்கிறேன். நான் பொது மருத்துவன், பெரும்பாலும் வயதானவர்களைத்தான் பார்க்கிறேன்.

ஆணுக்கு 35, 40 வயதைத் தாண்டினால் டெஸ்டோஸ்டிரோன் வருடத்துக்குச் சுமார் 1 சதவீதம் இறங்கும். பெண்ணுக்கு நடப்பது போல ஒரேயடியாக நிற்பதில்லை. 75 வயதில்கூட நிறைய ஆண்களுக்கு இளவயது எல்லைக்குள் இருக்கும். வேகமாக இறங்குகிறவர்களைப் பார்த்தால் பெரும்பாலும் வேறு காரணம் இருக்கும்: தொப்பை, சர்க்கரை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, வலிக்காகச் சாப்பிடும் ஓபியாய்டு, ஸ்டீராய்டு மாத்திரைகள். வயிற்றுக் கொழுப்பு கூடும்போது இந்த ஹார்மோனைத் தாங்கிச் செல்லும் புரதம் ரத்தத்தில் குறைகிறது, அதனால் மொத்த அளவும் குறைவாகத் தெரியும். எடை குறைத்தால் மருந்தே இல்லாமல் எண் ஏறுவதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

ஐரோப்பாவில் எட்டு நாடுகளில் 40 முதல் 79 வயது வரை 3,369 ஆண்களைப் பரிசோதித்து 2010இல் முடிவுகளை வெளியிட்டார்கள். களைப்பு, சோர்வு, தெம்பில்லை என்பதற்கும் டெஸ்டோஸ்டிரோன் அளவுக்கும் உறுதியான தொடர்பு கிடைக்கவில்லை. ஆசை குறைவது, காலையில் தானாக விறைப்பு வராதது, உறவின்போது விறைப்பு நிற்காதது ஆகிய மூன்றும் சேர்ந்து இருந்து, அளவும் குறைவாக இருந்தவர்கள் மொத்தம் 2.1 சதவீதம்தான். "தெம்பில்லை" என்பதை மட்டும் வைத்து இந்த நோயைச் சொல்லவே முடியாது.

அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டிய 790 ஆண்களுக்கு ஒரு வருடம் ஜெல் கொடுத்துப் பார்த்து, 2016இல் முடிவு வந்தது. உண்மையிலேயே குறைவாக இருப்பவர்கள் வேண்டும் என்று 51,085 பேரைச் சலித்து எடுத்த 790 பேர் அவர்கள். தாம்பத்திய ஆசையில் ஓரளவு முன்னேற்றம், மனநிலையில் கொஞ்சம். ரத்தசோகை இருந்தவர்களுக்கு ஹீமோகுளோபின் ஏறியது. ஞாபகசக்திக்கு ஒரு பயனும் இல்லை. தெம்பு விஷயத்தில் போலி மருந்து பூசியவர்களைவிடச் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

அப்பாவுக்கு அடைப்பு இருக்கிறது என்றீர்கள், அதற்காக இதையும் சொல்ல வேண்டும். 2023இல் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களிடம், இதய நோய் இருப்பவர்கள் அல்லது வர வாய்ப்புள்ளவர்களிடம் நடந்த பெரிய ஆய்வு முடிந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை, அது நல்ல செய்தி. ஆனால் இதயம் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், நுரையீரலில் ரத்தக்கட்டி, சிறுநீரகக் கோளாறு ஆகியவை கொஞ்சம் கூடின. அதே ஆய்வில் எலும்பு முறிவும் கூடியது: ஊசி, ஜெல் போன்றவற்றில் எதுவாக இருந்தாலும் டெஸ்டோஸ்டிரோன் எலும்பை உறுதியாக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். இங்கே ஜெல் பூசியவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு முறிவு, போலி ஜெல் பூசியவர்களில் 2.46 சதவீதம். ஏன் என்பதற்கு இன்னும் சரியான விளக்கம் இல்லை.

அதனால் பேக்கேஜுக்குப் பணம் கட்ட வேண்டாம். அப்பா தூக்கத்தில் குறட்டை விடுகிறாரா? அம்மாவைக் கேட்டுச் சொல்லுங்கள்.

அம்மாவைப் பற்றியும் கேட்கிறேன். மாதவிடாய் எந்த வயதில் நின்றது? தானாக நின்றதா, ஆபரேஷனா? எலும்பு எதாவது முறிந்திருக்கிறதா? உங்கள் வீட்டில் எனக்குக் கவலை அப்பாவைவிட அம்மாவைப் பற்றித்தான்.

வைகைக்கரை:

டாக்டர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இதைப் படிக்கும் யாராவது உண்மையிலேயே தேவைப்படுகிறவராக இருந்து, பயந்து ஒதுங்கிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். எனக்கு 59. பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி இருந்து ஆபரேஷன் ஆனது. அதற்கு முன்பே வாரத்துக்கு ஒரு தடவை சவரம் செய்தால் போதும் என்ற நிலை. மார்பு முடியெல்லாம் உதிர்ந்து, தோல் குழந்தைத் தோல் மாதிரி ஆகிவிட்டது. ஹீமோகுளோபின் 10க்குக் கீழ், இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டுச் சாப்பிட்டு ஏறவே இல்லை. காலையில் எடுத்த டெஸ்டோஸ்டிரோன் இரண்டு தடவையும் 70க்குப் பக்கத்தில்.

எனக்கு அந்த ஊசி உயிர் கொடுத்தது. ஹீமோகுளோபின் ஏறியது, வேலைக்குப் போக முடிந்தது, வீட்டில் சிரித்துப் பேச முடிந்தது. ஆனால் சும்மா போட்டுவிட்டு வருவதில்லை. ஹீமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 54 சதவீதத்தைத் தாண்டினால் நிறுத்தி வைப்பார்கள், ரத்தம் கெட்டியாகிவிடும் என்பதால். புரோஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையும் பார்க்கிறார்கள். குழந்தை வேண்டும் என்கிற வயதில் இருப்பவர்கள் இதைத் தொடவே கூடாது, விந்தணு உற்பத்தி நின்றுவிடும் என்று என் டாக்டர் தெளிவாகச் சொன்னார். ஜெல் பூசுகிறவர்கள் பேரக்குழந்தையைத் தூக்கும் முன் கையைக் கழுவ வேண்டும், பூசிய இடத்தைத் துணியால் மூடியிருக்க வேண்டும்.

தேவையானவனுக்கு மருந்து, தேவையில்லாதவனுக்கு வியாபாரம். கிளினிக்கில் எல்ஹெச், புரோலாக்டின் என்ற பிட்யூட்டரி ஹார்மோன்களைப் பார்த்தார்களா என்று கேளுங்கள் தம்பி. அளவு நிஜமாகவே குறைவென்றால் ஏன் குறைந்தது என்று தேட வேண்டும். அதைத் தேடாதவர்கள் ஊசி போடக் கூடாது.

பொருநை:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவிடம் போனில் நெடுநேரம் பேசினேன். அப்பா குறட்டை பயங்கரமாக விடுவாராம். நடுவில் சத்தம் நின்று, அப்புறம் திணறி எழுகிற மாதிரி மூச்சு விடுவாராம்.

அம்மா விஷயம். 39 வயதில் கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்கள். அதிக ரத்தப்போக்கு என்று உள்ளூரில் செய்தது. "கூட இருந்த முட்டைப்பையையும் சேர்த்து எடுத்துட்டாங்க, இனி எதுக்குன்னு சொன்னாங்க" என்றார். அதற்குப் பிறகு மருந்து எதுவும் கொடுக்கவில்லை. போன வருடம் பின்கட்டில் ஈரத்தில் கால் வழுக்கி, கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு போட்டார்கள். இன்னொன்று சொன்னார்: பழைய ஜாக்கெட் அளவெல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் புடவை தரையில் புரள்கிறது, கொசுவத்தை இன்னும் ஏற்றிச் செருக வேண்டியிருக்கிறது என்று.

நீர்க்கடுப்பு வருடத்தில் நாலைந்து தடவை வருமாம். ஒவ்வொரு தடவையும் ஆன்டிபயாடிக். இதையெல்லாம் என்னிடம் இதுவரை சொன்னதே இல்லை.

கொங்குமருத்துவன்:

அம்மா உயரம் குறைந்திருக்கிறார். முதுகெலும்பின் கண்ணிகள் நசுங்கியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. முதுகுவலி அதனால் இருக்கலாம். நின்ற உயரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்தாலே எலும்பு பலவீனம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். மாவுக்கட்டு போட்டு அனுப்பியதோடு யாரும் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. அடுத்தது இடுப்பு எலும்பாக இருந்தால் படுக்கைதான். அதற்கு முன் பிடிக்க வேண்டும்.

நம் நாட்டில் மாதவிடாய் சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது, மேலைநாடுகளில் 51. ஏற்கெனவே நமக்குச் சில வருடம் முன்னால். அம்மாவுக்கு 39இலேயே, அதுவும் ஒரே நாளில். எலும்பைக் கரைக்கும் செல்களை அடக்கி வைப்பது முட்டைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன்தான். அது போனதும் முதல் சில வருடங்களில் எலும்பு வேகமாகக் கரையும். இவ்வளவு இளவயதில் முட்டைப்பை போனால், எதிர்க்காரணம் எதுவும் இல்லாத பெண்ணுக்கு இயல்பாக நிற்கும் வயது வரைக்கும் ஈஸ்ட்ரோஜன் கொடுப்பதுதான் முறை. எலும்புக்கும் இதயத்துக்கும் அது பாதுகாப்பு. கர்ப்பப்பை இல்லாததால், அதன் உள்தோலைப் பாதுகாக்கக் கூடவே கொடுக்கும் புரோஜெஸ்டிரோன்கூடத் தேவையில்லை.

நாட்டில் கர்ப்பப்பை ஆபரேஷன் செய்துகொள்ளும் பெண்களில் பாதிப்பேர் முப்பதுகளின் நடுவயதுக்குள்ளேயே செய்துகொள்கிறார்கள் என்று தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. ஆந்திராவும் தெலங்கானாவும் எண்ணிக்கையில் முன்னால் நிற்கின்றன. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் கூலி போகாமல் இருக்க ஆபரேஷன் செய்துகொண்டது 2019இல் பெரிய செய்தியானது. எடுத்ததோடு கைகழுவிவிடுகிறோம். 20 வருடம் கழித்து அந்தப் பெண் கையை உடைத்துக்கொண்டு வரும்போது யாரும் அந்த ஆபரேஷனை நினைப்பதில்லை. எனக்கு இது தாங்க முடியாத விஷயம்.

இப்போது 62 வயதில் உடம்பு முழுக்கப் போகிற ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைப் புதிதாக ஆரம்பிக்க மாட்டோம். 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 வருடத்துக்குள் ஆரம்பிப்பவர்களுக்குத்தான் நன்மை தூக்கலாக இருக்கும். அம்மாவுக்கு டெக்ஸா ஸ்கேன் (எலும்பு அடர்த்தி பார்ப்பது), முதுகெலும்பு எக்ஸ்ரே, கால்சியம், வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் எடுங்கள். எலும்புக்கென்று தனி மருந்துகள் இருக்கின்றன.

செவிலியக்கா:

நான் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். தம்பி, அம்மாவின் பழைய டிஸ்சார்ஜ் சம்மரி கிடைத்தால் எடுத்து வையுங்கள். கர்ப்பப்பை மட்டும் போனதா, முட்டைப்பையும் போனதா என்று நிறையப் பெண்களுக்கே தெரியாது. கிடைக்காவிட்டால் ஒரு ஸ்கேனில் பார்த்துக்கொள்ளலாம்.

நீர்க்கடுப்புக்கு வருகிறேன், இதை யாரும் வாய்விட்டுப் பேச மாட்டார்கள். ஈஸ்ட்ரோஜன் இல்லாவிட்டால் பிறப்புறுப்பின் தோலும் சிறுநீர்க்குழாயின் உள்தோலும் மெலிந்து வறண்டுவிடும். அங்கே இருக்கிற நல்ல கிருமிகள் போய்விடும், கெட்டது ஏறும். எரிச்சல், அரிப்பு, அவசரமாக ஓட வேண்டியிருப்பது, தும்மினால் கசிவது எல்லாம் இதோடு சேர்ந்து வரும். ஊரில் பெண்கள் இதற்காகவே கல்யாணத்துக்குப் போக மாட்டார்கள், பஸ் பயணத்துக்கு முன்னாடி நாளே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். தண்ணீர் குறைந்தால் கடுப்பு இன்னும் கூடும்.

இதற்கு எஸ்ட்ரியால் கிரீம் என்று ஒன்று இருக்கிறது, நம் மருந்துக்கடைகளிலேயே சீட்டோடு கிடைக்கும். இரண்டு வாரம் தினமும் இரவில், அப்புறம் வாரத்துக்கு இரண்டு நாள். உள்ளுக்குள் வைப்பதற்கு ஒரு குழல் கொடுப்பார்கள். குழல் பிடிக்காத பெரியவர்களுக்கு விரல் நுனியில் எடுத்து வைக்கச் சொல்லிக்கொடுப்பேன். ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு, அதனால் 62 வயதிலும் ஆரம்பிக்கலாம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காரணம் தெரியாமல் ரத்தம் படுகிறவர்கள் மட்டும் டாக்டரிடம் முதலில் காட்ட வேண்டும்.

மகன் கேட்டால் அம்மா வெட்கப்படுவார். வீட்டில் மருமகளோ, அக்கா தங்கையோ இருந்தால் அவர்களை அனுப்பி வையுங்கள். பெண் டாக்டராகப் பாருங்கள்.

கொங்குமருத்துவன்:

செவிலியக்கா சொன்னதற்கு ஆதாரம் பழையது, உறுதியானது. 1993இல் இஸ்ரேலில் 93 பெண்களிடம் இதே எஸ்ட்ரியால் கிரீமைச் சோதித்தார்கள். போலி கிரீம் போட்டவர்களுக்கு வருடத்துக்கு சராசரியாக 5.9 தடவை சிறுநீர்த் தொற்று, எஸ்ட்ரியால் போட்டவர்களுக்கு 0.5. முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் நம் ஊரில் பாட்டிகளுக்கு ஆன்டிபயாடிக்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

தேம்ஸ்தமிழச்சி:

நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டன். எனக்கு 53. போன வருடம் முழுக்க இரவில் போர்வையை உதறிக்கொண்டு எழும்புவேன், முகம் கழுத்தெல்லாம் நெருப்பு மாதிரிக் கொதிக்கும், பிறகு வியர்வையில் நனைந்து குளிரும். வேலையில் சக ஊழியரின் பெயரே வாய்க்குள் வராது. இங்கே ஜிபியிடம் (குடும்ப டாக்டர்) போனதும் தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜன் பேட்சும் இரவில் புரோஜெஸ்டிரோன் கேப்சூலும் தந்தார்கள். சில வாரத்திலேயே நித்திரை வந்தது.

அம்மா கேட்டவுடன் "அது கேன்சர் வருமே, ஏன் எடுக்கிறாய்" என்று ஒரே அழுகை. இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று இங்கே யாராவது விளக்கினால் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன்.

கொங்குமருத்துவன்:

சகோதரி, அந்தப் பயம் 2002 ஜூலையில் பிறந்தது. அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் நடந்த ஆய்வை நடுவில் நிறுத்தினார்கள். சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுக்கும் ஈஸ்ட்ரோஜனும் செயற்கை புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை அது. செய்தி உலகம் முழுக்கப் பரவி, கோடிக்கணக்கான பெண்கள் மாத்திரையைத் தூக்கிப் போட்டார்கள்.

எண்களைப் பார்ப்போம். 10,000 பெண்கள் ஒரு வருடம் சாப்பிட்டால் மார்பகப் புற்றுநோய் 30 பேருக்குப் பதில் 38 பேருக்கு வந்தது. பக்கவாதம் 21க்குப் பதில் 29. இடுப்பு எலும்பு முறிவு 15லிருந்து 10ஆகக் குறைந்தது. ஆபத்து உண்மை, ஆனால் அளவு இவ்வளவுதான். அந்தப் பெண்களின் சராசரி வயது 63, மாதவிடாய் நின்று பத்துப் பன்னிரண்டு வருடம் ஆனவர்கள். 51, 52 வயதில் உடம்பு கொதித்து வருகிற பெண்ணுக்கு அந்தக் கணக்கை அப்படியே போட்டது நியாயமில்லை. கர்ப்பப்பை இல்லாத 10,739 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த இன்னொரு பகுதியில் பக்கவாதம் கூடியது, ஆனால் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. நீண்ட காலம் தொடர்ந்து பார்த்தபோது குறைந்தே இருந்தது.

தோலில் ஒட்டும் பேட்ச், மாத்திரை போலக் கல்லீரல் வழியாக முதலில் போவதில்லை, அதனால் ரத்தக்கட்டி ஆபத்து அதில் குறைவு. உங்களுக்குக் கொடுத்த முறை சரியானது. வருடா வருடம் பரிசோதனை, மேமோகிராம் விடாதீர்கள். ஹார்மோன் எடுக்கவே முடியாதவர்களுக்கு, மூளையில் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் இடத்திலேயே வேலை செய்யும் ஃபெசோலினெட்டன்ட் என்ற புதுவகை மாத்திரைக்கு 2023இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

மூலிகைப்பிரியன்:

ஐயா, மன்னிக்கணும். எல்லாவற்றுக்கும் ஊசி, கிரீம், பேட்ச். நம் பெரியவர்கள் உளுந்தங்களியும் எள்ளுருண்டையும் சாப்பிட்டே எண்பது வயது வரை நடந்தார்கள். அமுக்கரா சூரணம் பாலில் கலந்து சாப்பிட்டால் ஆண்மை ஹார்மோன் தானாக ஏறும். இயற்கையாகக் கிடைப்பதை விட்டுவிட்டு ஏன் வெளியிலிருந்து ஏற்ற வேண்டும்?

கொங்குமருத்துவன்:

ஐயா, உளுந்தங்களியையும் எள்ளையும் நானும் சாப்பிடச் சொல்கிறேன். எள்ளில் கால்சியம் உண்டு, உளுந்தில் புரதம் உண்டு, வயதானவர்களின் தட்டில் புரதம்தான் குறைகிறது. அதில் நமக்குள் சண்டையே இல்லை.

அமுக்கராவில் சின்னச் சின்ன ஆய்வுகள் நல்ல முடிவு சொல்கின்றன, அதை மறுக்கவில்லை. ஆனால் உடம்பின் ஹார்மோனை மாற்றும் அளவு வலு உள்ள பொருளுக்குப் பக்கவிளைவும் இருக்கத்தானே செய்யும். தைராய்டு அளவை ஏற்றலாம், கல்லீரல் பாதித்த நோயாளிகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். டென்மார்க் 2023இல் தடையே போட்டுவிட்டது. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் இதைச் சாப்பிடக் கூடாது.

இன்னும் பெரிய கவலை, மூட்டுவலிக்கென்று பெயரில்லாத பொட்டலத்தில் விற்கும் பொடிகள். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். சாப்பிட்டவுடன் வலி பறந்துவிடும், முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு உருகும். மாதக்கணக்கில் சாப்பிட்டால் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். அப்போது திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

லேப்நண்பன்:

இளமை திரும்பும் என்ற வியாபாரத்துக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. 1889இல் பாரிஸில் பிரௌன் செகார் என்ற பெரிய விஞ்ஞானி, 72 வயதில், நாய், கினிப் பன்றிகளின் விதைச் சாற்றைத் தனக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டு தெம்பு வந்துவிட்டது என்று அறிவித்தார். அதில் ஹார்மோன் இருந்திருக்கவே வழியில்லை, தண்ணீரில் அது கரையாது. நிஜ டெஸ்டோஸ்டிரோனைப் பிரித்தெடுத்தது 1935இல்தான். அப்புறம் 1990இல் ரட்மன் என்பவர் 12 முதியவர்களுக்கு ஆறு மாதம் வளர்ச்சி ஹார்மோன் கொடுத்தார், தசை கூடிக் கொழுப்பு குறைந்தது. பலம் கூடியதாக அவர் சொல்லவே இல்லை, ஆனாலும் அந்தக் கட்டுரையைக் காட்டியே உலகம் முழுக்க விற்றார்கள்.

பொருநையின் அப்பாவுக்குக் கொடுத்த டிஹெச்இஏயும் அதே கதை. அது வயதோடு குறைவது உண்மை, 70, 80 வயதில் இளமையில் இருந்ததில் பத்து இருபது சதவீதம்தான் மிஞ்சும். ஆனால் இரண்டு வருடம் முதியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், 2006இல் வெளிவந்தது, தசை பலத்திலோ வாழ்க்கைத் தரத்திலோ எந்த முன்னேற்றமும் இல்லை. குறைகிறது என்பதற்காக ஊற்றி நிரப்பினால் சரியாகிவிடும் என்று அர்த்தமில்லை.

சோழநாடன்:

நடுவில் ஒரு கேள்வி. என் அம்மாவுக்கு 79. மாஸ்டர் செக்கப்பில் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்ஹெச் 6.8, தைராய்டு சுரக்கும் தைராக்சின் நார்மல். தைராய்டு மாத்திரை ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். வேறு தொந்தரவு எதுவும் இல்லை. கூடவே வாரம் ஒரு வைட்டமின் டி பவுடர், 60,000 யூனிட், இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறார். தொடரலாமா?

கொங்குமருத்துவன்:

வயதானால் டிஎஸ்ஹெச் கொஞ்சம் ஏறுவது இயல்பு. 65 வயதுக்கு மேற்பட்ட 737 பேரிடம் நடந்த ஐரோப்பிய ஆய்வில், 2017இல் வந்தது, இந்த மாதிரி லேசான ஏற்றத்துக்கு மாத்திரை கொடுத்ததில் களைப்போ மற்ற அறிகுறிகளோ ஒன்றும் மாறவில்லை. நெதர்லாந்தின் லைடன் நகரில் 85 வயதுக்காரர்களைத் தொடர்ந்து பார்த்தபோது டிஎஸ்ஹெச் உயர்ந்திருந்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். தேவையில்லாமல் கொடுத்து அளவு மிஞ்சினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு கரையும். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். 10ஐத் தாண்டினால் மட்டும் யோசிக்கலாம். ஏற்கெனவே பல வருடமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள், அது வேறு.

வைட்டமின் டி பவுடரை வாரா வாரம் இரண்டு வருடம் சாப்பிடக் கூடாது. அது எட்டு வாரம் போல, பற்றாக்குறை உள்ளவர்களுக்கு மட்டும். வைட்டமின் டியும் உண்மையில் ஹார்மோன் போல வேலை செய்வதுதான். ஆஸ்திரேலியாவில் 70 வயதைத் தாண்டிய 2,256 பெண்களில் பாதிப்பேருக்கு வருடத்துக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட் கொடுத்தார்கள். மற்றவர்களைவிட அவர்கள் அதிகம் விழுந்தார்கள், முறிவும் அதிகம். உடனே நிறுத்திவிட்டு ரத்தத்தில் கால்சியமும் கிரியேட்டினினும் பாருங்கள். மலச்சிக்கல், அதிக தாகம், குழப்பமான பேச்சு இருந்தால் தள்ளிப் போடாதீர்கள்.

பொருநை:

நிலவரம் சொல்கிறேன். அப்பாவுக்குக் காலையில் வெறும் வயிற்றில் எடுத்த இரண்டு ரிப்போர்ட்டும் வந்தாயிற்று: 338, 352. நாளமில்லாச் சுரப்பி நிபுணர் பார்த்துவிட்டு ஊசியே வேண்டாம் என்றார். தூக்கப் பரிசோதனையில் மூச்சு நிற்பது மிதமானதைவிட அதிகம் என்று வந்திருக்கிறது, இரவில் சிபாப் என்ற மூச்சுக்கருவி மாட்ட ஆரம்பித்திருக்கிறார். மதியத் தூக்கம் குறைந்திருக்கிறது, சுகர் மாத்திரையையும் மாற்றியிருக்கிறார்கள்.

அம்மாவுக்கு டெக்ஸாவில் இடுப்பு டி-ஸ்கோர் (எலும்பு அடர்த்தி அளவு) மைனஸ் 3.1, எலும்பு ரொம்பப் பலவீனம். எக்ஸ்ரேயில் முதுகில் இரண்டு கண்ணிகள் நசுங்கியிருக்கின்றன. என் மனைவி கூடப் போயிருந்தாள், எஸ்ட்ரியால் கிரீமும் எழுதியிருக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு தடவை போடும் சோலெட்ரோனிக் ஆசிட் என்ற ஊசியா, வாரம் ஒரு மாத்திரையா என்று எங்களையே முடிவு செய்யச் சொன்னார்கள். அம்மாவுக்குப் பல் ஒன்று ஆடுகிறது, பிடுங்க வேண்டும். வயிற்றில் புளித்த ஏப்பமும் உண்டு. எது நல்லது?

செவிலியக்கா:

வார மாத்திரை என்றால் காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், ஒரு முழு டம்ளர் வெறும் தண்ணீரில், விழுங்கியபின் அரை மணி நேரம் படுக்கவே கூடாது. காபிகூடக் கூடாது. உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாகும். புளித்த ஏப்பம் இருக்கிறவருக்கு அது சிரமம், ஊசிதான் வசதி.

கொங்குமருத்துவன்:

நானும் ஊசியைத்தான் சொல்வேன். மூன்று வருட ஆய்வில் இடுப்பு முறிவை 41 சதவீதமும், முதுகெலும்பு முறிவை 70 சதவீதமும் குறைத்த மருந்து அது. ஆனால் வரிசை முக்கியம். முதலில் பல்லைப் பிடுங்கி, ஈறு முழுதாக ஆறட்டும். தாடை எலும்பு அழுகுவது மிக அரிது, ஆனால் பல் வேலையை முன்பே முடித்துவிட்டால் அந்தக் கவலையும் குறையும். ஊசிக்கு முன் வைட்டமின் டி, கால்சியம் சரியான அளவுக்கு வந்திருக்க வேண்டும், கிரியேட்டினின் பார்த்து சிறுநீரகம் தாங்குமா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். ஊசிக்கு முந்தைய நாளும் அன்றும் நன்றாகத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். முதல் ஊசிக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் உடம்புவலியும் வரலாம், பாராசிட்டமால் போதும், அடுத்த வருடம் அவ்வளவு இருக்காது.

பின்கட்டில் வழுக்காத தரையும் கைப்பிடிக் கம்பியும் இந்த மாதமே போட்டுவிடுங்கள். குளியலறையிலும் ஒன்று. இரவில் எழுந்து போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு. அம்மாவுடன் பிறந்தவர்களிலும் யாருக்காவது இந்த வயதில் முட்டைப்பை எடுத்திருந்தால் அவர்களையும் டெக்ஸா எடுக்கச் சொல்லுங்கள்.

பொருநை:

பெரியம்மாவுக்கும் எடுத்திருக்கிறது டாக்டர், 42இல். அம்மாவுக்குப் பல் பிடுங்கப் போகும் நாளில் அவரையும் கூட்டிப் போய் ஸ்கேன் எடுக்கிறோம்.